ஆங்கிலப் பட்டப்படிப்புக்குக் கடன் எடுக்கலாமா? கையெழுத்து வைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு, களுவாஞ்சிக்குடியில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "சேர், கொழும்பில ஒரு இடத்தில இங்கிலிஷ் டிகிரிக்கு 12 இலட்சம் சொல்றாங்க, காணி உறுதியை வச்சு எடுக்கலாம் எண்டு அப்பா சொல்றார், செய்யவா?" போனில் இதற்கு ஆம் இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. அதனால் நான் ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து போடுகிற கணக்கை இங்கே முழுதாக எழுதுகிறேன். ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இதில் நடுநிலையாக நிற்கும் ஆள் இல்லை. வெட்டுப்புள்ளி தவறிய பிறகு ஒரு தனியார் நிறுவனத்தில் ஆங்கிலம் படிக்க என் அம்மாவின் இரண்டு காப்பும் அடைவுக்குப் போனது. சேரும்போது சொன்ன கட்டணம் ஒன்று, இரண்டாம் வருடம் கேட்ட கட்டணம் வேறொன்று. படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை ஒரு திட்டத்தோடு வந்து அந்தத் திட்டத்தோடு போனது. காப்பை மீட்க ஆறு வருடம் பிடித்தது. ஆங்கிலம் படித்ததற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை, இன்றைக்கு என் சோறு அதில்தான். படித்த விதத்துக்குக் கொடுத்த விலைதான் கூடிப்போனது. உங்களுக்கு அது நடக்க வேண்டாம்.

படி 1: காசு கட்டாத கதவுகள் எல்லாவற்றையும் முதலில் தட்டுங்கள்

இந்த நாட்டில் அரச பல்கலைக்கழகத்தில் இளமாணிப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், இரண்டும் நம் வாசலிலேயே இருக்கின்றன. 2025 வரவு செலவுத் திட்டத்தில், பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயில் இருந்து 7,500 ஆனது, மகாபொல கிடைக்காதவர்களுக்கான பர்சரி உதவிப்பணமும் 4,000 இல் இருந்து 6,500 ஆனது. அந்தக் காசு பெரிதாகத் தோன்றாது, ஆனால் ஏறாவூரில் இருந்தோ கிரானில் இருந்தோ பஸ்ஸில் போய் வரும் பிள்ளைக்கு அது பயணமும் மத்தியானச் சாப்பாடும். "கம்பஸ் கிடைத்திருக்கிறது, ஆனால் நான் கேட்ட பாடம் இல்லை, அதனால் தனியாரில் ஆங்கிலம் படிக்கப் போகிறேன்" என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கலைப்பிரிவில் கிடைத்திருந்தால், உள்ளே போன பிறகு ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுக்க வழி இருக்கிறதா என்று அந்தத் துறைக்கே நேரில் போய்க் கேளுங்கள். கேட்காமல் விட்டுவிட்டு 12 இலட்சம் கடன்படாதீர்கள்.

இரண்டாவது கதவு தேசிய கல்வியியற் கல்லூரி. தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் நமக்கு ஒவ்வொன்று இருக்கிறது. மொத்தம் மூன்று வருடம், அதில் இரண்டு வருடம் கல்லூரியில் தங்கிப் படிப்பு, மூன்றாவது வருடம் பாடசாலையில் பயிற்சி. மாதம் ஒரு கொடுப்பனவும் தருகிறார்கள், முடித்ததும் அரச ஆசிரியர் நியமனம். எந்தக் கல்லூரியில் ஆங்கிலப் பாடநெறி நடக்கிறது என்பது ஒவ்வொரு ஆட்சேர்ப்பு வர்த்தமானியிலும் இருக்கும். உங்கள் நோக்கம் ஆங்கில ஆசிரியராவதுதான் என்றால் இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியாது. பட்டத்தைச் சம்பளம் எடுத்துக்கொண்டே பிறகு படிக்கலாம், என்னோடு படிப்பிக்கிற பலர் அப்படித்தான் படித்தார்கள். "டிப்ளோமாதானே" என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். உங்கள் தவணையை அவர்கள் கட்டப்போவதில்லை.

மூன்றாவது, உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்கள். அங்கே ஆங்கிலத்தில் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது, முழுநேரமாகப் படித்தால் கட்டணம் இல்லை. மட்டக்களப்பு, சம்மாந்துறைக் கிளைகளில் இந்த வருடம் அதற்கு ஆள் எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

நான்காவது, திறந்த பல்கலைக்கழகம். இது இலவசமில்லை. ஆனாலும் அரச பல்கலைக்கழகம், மட்டக்களப்பில் நிலையம் இருக்கிறது, ஆங்கிலமும் ஆங்கிலம் கற்பித்தலும் சேர்ந்த பட்டம் இருக்கிறது. எடுக்கிற பாடங்களுக்கு ஏற்பக் கட்டணம் பிரிந்து வருவதால், பகலில் ஒரு வேலை, பின்னேரம் இரண்டு ரியூசன் வகுப்பு, லீவு நாளில் படிப்பு என்று கடனே இல்லாமல் ஓட்ட முடியும். வருடம் கூடப் பிடிக்கும், அலுப்பும் வரும். அதை மறைக்கவில்லை.

இந்த நான்கில் எதுவும் சரிவரவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: விளம்பரத்தில் உள்ள தொகையை விட்டுவிட்டு முழுச் செலவை எழுதுங்கள்

பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், நூலகக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம், பாடம் தவறினால் திரும்ப எழுதும் கட்டணம் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். கொழும்பு என்றால் அறை வாடகை, சாப்பாடு, தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் பெருநாளுக்கும் ஊருக்கு வந்து போகும் ரயில் காசு. மூன்று வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், பல வீடுகளில் இந்தத் தொகை பாடக் கட்டணத்தை எட்டிப் பிடித்துவிடுகிறது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால் இன்னுமொரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: கட்டணத்தில் எந்தப் பகுதி டொலரிலோ பவுண்டிலோ கட்ட வேண்டும்? 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். அதே வருடம் மே மாதத்தில் அது 360 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. வெளிநாட்டுப் பணத்தில் 2,000 டொலர் கட்ட இருந்த பிள்ளைக்கு 4 இலட்சம், இரண்டே மாதத்தில் 7 இலட்சத்து 20 ஆயிரமானது. பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் கையில் பட்டமும் இல்லை, கட்டிய காசும் திரும்பவில்லை.

அதோடு அந்தப் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்வார்களா என்று பாருங்கள். உள்நாட்டுத் தனியார் நிறுவனம் என்றால் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் பட்டம் வழங்க அனுமதி பெற்றதா, அதுவும் நீங்கள் படிக்கப்போகும் அதே பட்டத்துக்கா என்று கேட்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா என்று ஆணைக்குழுவிடமே உறுதிப்படுத்துங்கள். நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் இருப்பவர் சொல்லும் "ஓம் ஓம், எல்லாம் ஓகே" உறுதிப்படுத்தல் ஆகாது. அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த ஒரு விஷயத்தில்தான் பலர் விழுகிறார்கள்.

படி 3: எந்தக் கடன் என்று பிரித்துப் பாருங்கள், எல்லாக் கடனும் ஒன்றில்லை

லண்டனில் இருக்கிற மாமா மகள் கடன் எடுத்துத்தானே படித்தாள், நாங்கள் எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். அவள் எடுத்த கடனே வேறு. இங்கிலாந்தில் 2023 ஓகஸ்டுக்குப் பிறகு படிப்பைத் தொடங்கியவர், வருடத்துக்கு 25,000 பவுண்டுக்கு மேல் உழைக்கும் பகுதியில் மட்டும் 9 சதவீதம் கட்டினால் போதும். அதற்குக் கீழே உழைத்தால் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, 40 வருடம் போனால் மீதி தள்ளுபடி. அதாவது அந்தக் கடன் அவள் சம்பளத்தைப் பார்த்துத்தான் கை நீட்டும். இங்கே வங்கிக் கடன் உங்கள் சம்பளத்தைப் பார்க்காது. வேலை இல்லாத மாதமும் தவணை வரும், அது கட்டுப்படாவிட்டால் பிணை நின்ற சித்தப்பாவின் வீட்டுக்குக் கடிதம் போகும்.

நம்மிடம் இருப்பவற்றில் முதலில் பார்க்க வேண்டியது அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன். உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்காக 2017 இல் தொடங்கியது. தெரிவு செய்யப்பட்ட நிறுவனங்களில், தெரிவு செய்யப்பட்ட பட்டங்களுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் ஆங்கிலம் சார்ந்த பட்டம் உண்டா என்று ஒவ்வொரு விண்ணப்பக் கோரலிலும் பாருங்கள். பட்டியலில் இல்லாத நிறுவனம் "எங்களுக்கும் வரும்" என்று சொன்னால் வந்த பிறகு சேருங்கள்.

அடுத்தது வங்கிக் கல்விக் கடன். வட்டி நிலையானதா மாறுவதா, படிக்கும் காலத்தில் வட்டி மட்டும் கட்ட வேண்டுமா, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, பிணையாளிகள் எத்தனை பேர், இவ்வளவையும் கேளுங்கள். மாறும் வட்டி என்றால் 2022 ஐ மறக்க வேண்டாம், அந்த ஏப்ரலில் மட்டும் மத்திய வங்கி ஒரே தடவையில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது.

நகை அடைவு, சீட்டு, நுண்கடன் மூன்றும் பட்டப்படிப்புக்கு ஏற்றவை இல்லை. ஒரு பரீட்சைக் கட்டணத்துக்கு இரண்டு மாதம் காப்பை வைத்து எடுப்பது வேறு. மூன்று வருடப் படிப்பை அடைவில் ஓட்டுவது வேறு, ஒவ்வொரு முறையும் வட்டி கட்டித் திருப்பி வைத்து, கடைசியில் நகையும் மூழ்கிவிடும். நுண்கடனால் நம் கிராமங்களில் பெண்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் பெயரில் ஒரு நுண்கடனைப் படிப்புக்காக எடுக்கவே எடுக்காதீர்கள்.

படி 4: முதல் வேலையின் சம்பளத்தைக் கண்டுபிடியுங்கள், கனவு வேலையை விடுங்கள்

இந்தப் படியில்தான் எல்லோரும் தவறுகிறார்கள், நானும் தவறினேன். ஆங்கிலம் படித்தால் வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை, டொலரில் சம்பளம் என்று யாரோ ஒருவரைக் காட்டுவார்கள். நீங்கள் தேட வேண்டியது அதே படிப்பை முடித்து ஒரு வருடமான ஐந்து பேர். அவர்களிடம் நேராகக் கேளுங்கள்: கையில் எவ்வளவு வருகிறது, வேலை கிடைக்க எத்தனை மாதம் பிடித்தது, வேலை நிரந்தரமா? நிறுவனம் தானே தேர்ந்து காட்டுகிற பழைய மாணவர்கள் இந்த ஐந்து பேரில் சேர மாட்டார்கள்.

நம் பக்கத்தில் ஆங்கிலப் பட்டதாரி போகக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரச ஆசிரியர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நான் படிப்பிக்கிற பக்கத்துப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் இல்லாத குறை இன்னும் தீரவில்லை, ஆகவே தேவை உண்டு. ஆனால் தேவை இருப்பதும் ஆட்சேர்ப்பு நடப்பதும் வேறு வேறு. கிழக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு விண்ணப்பம் கோர வேண்டும், போட்டிப் பரீட்சை வர வேண்டும், அதற்கு வருடம் போகலாம். 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை நாங்கள் தினமும் கடந்து போனோம். 2020 இல் பட்டதாரிப் பயிலுநர்களை எடுத்தபோது முதல் வருடக் கொடுப்பனவு மாதம் 20,000 ரூபாய்தான். இன்று நிலைமை கொஞ்சம் மேல், அரச துறையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 24,250 இல் இருந்து 40,000 ஆக்கப்பட்டு, 2027 ஜனவரி வரை கட்டம் கட்டமாகக் கூட்டப்படுகிறது. ஆசிரியரின் தொடக்கம் அதற்கு மேலே இருக்கும். சரியான தொகைக்கு, அண்மையில் நியமனம் பெற்ற ஒருவரின் சம்பளச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள்.

தனியார் துறை. சட்டப்படி ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபாய். ஆங்கிலம் நன்றாகப் பேசி எழுதினால் அதற்கு மேலே போகலாம், ஆனால் தனியார் பாடசாலை, சிறிய மொழி நிலையம் போன்ற இடங்களில் தொடக்கம் அதற்கு மிக அருகில்தான். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழியும், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். போடுகிறாரா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். வருமான வரி பற்றி இப்போதைக்குப் பயப்படத் தேவையில்லை, 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரைக்கும் வரி இல்லை.

ரியூசன். இதுதான் நம் ஊரில் ஆங்கிலத்தின் உண்மையான பலம். சாதாரணதர ஆங்கிலத்துக்கு ஒரு வகுப்பு ஓடத் தொடங்கினால் சம்பளத்துக்குச் சமமாகக்கூட வரும், ஆனால் பெயர் எடுக்க இரண்டு மூன்று வருடம் வேண்டும், டிசம்பர் விடுமுறையில் வருமானம் படுத்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள், ரியூசனுக்கு வருகிற பிள்ளையின் அம்மா உங்கள் பட்டச் சான்றிதழைக் கேட்பதில்லை, போன வருடம் உங்கள் வகுப்பில் எத்தனை ஏ வந்தது என்றுதான் கேட்பார். பட்டம் இல்லாமலும் இந்த வருமானம் வரும் என்பதால், கடனை நியாயப்படுத்த இதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மொழிபெயர்ப்பு. வெளிநாட்டுக்குப் பிள்ளைகள் போகப்போக, பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, காணி உறுதி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஆக்க வேண்டியிருக்கிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகத் தகுதி பெற்றால் வீட்டில் இருந்தே செய்யலாம். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் மூன்றும் கைவந்தவருக்கு வேலைக்குத் தட்டுப்பாடு வராது, ஆகவே ஆங்கிலம் படிக்கும் அதே வருடங்களில் சிங்களத்தையும் படியுங்கள். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

சுற்றுலா என்றால் பாசிக்குடா, அறுகம்பே. பருவ வேலை. அறுகம்பேயில் அலை இருக்கிற மாதங்களில் நல்ல காசு, மழை தொடங்கினால் கடை பூட்டு. தொண்டு நிறுவனங்கள் ஆழிப்பேரலைக்குப் பிறகும் போருக்குப் பிறகும் நிறைய இருந்தன, அந்தக் காலம் முடிந்துவிட்டது. இருக்கிற வேலைகளும் ஒப்பந்த வேலைகள்.

படி 5: இப்போது தவணையையும் சம்பளத்தையும் பக்கத்தில் வையுங்கள்

ஓர் உதாரணம் போடுவோம். கடன் 12 இலட்சம், வட்டி 14 சதவீதம், ஐந்து வருடத்தில் அடைக்க வேண்டும். மாதத் தவணை ஏறக்குறைய 27,900 ரூபாய், ஐந்து வருடத்தில் மொத்தம் 16 இலட்சத்து 75 ஆயிரம். முழுத் தொகையையும் முதல் நாளே எடுத்து, படிக்கும் மூன்று வருடமும் வட்டி மட்டும் கட்டினால் அது மாதம் 14,000, மூன்று வருடத்துக்கு இன்னும் 5 இலட்சத்து 4 ஆயிரம். ஆக 12 இலட்சப் பட்டம் ஏறக்குறைய 22 இலட்சத்தில் வந்து நிற்கிறது.

முதல் வேலையில் 50,000 ரூபாய் என்று வைப்போம். சேமலாப நிதி 4,000 போக கையில் 46,000. தவணை 27,900 போனால் மிச்சம் 18,100. கொழும்பில் வேலை என்றால் அந்தக் காசில் அறை வாடகையும் சாப்பாடும் நடக்காது. ஊரில் அம்மா வீட்டில் இருந்தால் நடக்கும், ஆனால் அந்த 50,000 ஊரில் கிடைக்குமா என்று படி 4 இல் எழுதியதைத் திரும்பிப் பாருங்கள். மாறும் வட்டியாக இருந்து 24 சதவீதத்துக்கு ஏறினால் அதே கடனின் தவணை 34,500 ஆகிவிடும்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவு இது: தவணை, கையில் வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 46,000 இல் அது 9,200. அதே வட்டியில், அதே ஐந்து வருடத்தில் 9,200 ரூபாய் தவணை எவ்வளவு கடனைத் தாங்கும் என்று பின்னால் இருந்து கணக்குப் போட்டால் 4 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. உங்கள் ஆங்கிலப் பட்டத்துக்கு எடுக்கக்கூடிய வட்டிக் கடனின் எல்லை அதுதான். மீதியைச் சேமிப்பு, பகுதிநேர வேலை, வட்டியில்லாக் கடன் என்று வேறு வழியில் நிரப்ப முடிந்தால் போகலாம், முடியாவிட்டால் படி 1 க்குத் திரும்புங்கள். 12 இலட்சமும் வட்டியில்லாமல் எட்டு வருடத்தில் கட்டுவதாக இருந்தால் மாதம் 12,500 தான், அது கொஞ்சம் நெருக்கினாலும் மூச்சு முட்டாது.

விவசாயக் குடும்பங்களுக்கு இன்னுமொன்று. வங்கி மாதாமாதம் கேட்கும், வயல் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்குமாக இரண்டு தடவைதான் தரும். வெள்ளம் வந்தால் ஒரு தடவையும் இல்லை. அப்பாவின் நெல்லை நம்பித் தவணை கட்டுவதாக இருந்தால், ஆறு மாதத் தவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

படி 6: காணி உறுதியைப் பற்றி வீட்டில் பேசுங்கள்

நம் பக்கம் வீடும் வளவும் பெண் பிள்ளைக்கென்று வைத்திருப்பது. மகளின் படிப்புக்காக மகளுக்கு உரிய வளவையே ஈடு வைக்கும்போது, அவளுடைய சொத்துதான் ஆபத்தில் இருக்கிறது என்பதை அவளுக்கு யாரும் சொல்வதில்லை. மகனின் படிப்புக்காகத் தங்கச்சியின் வளவை வைப்பது அதைவிடக் கனமானது. ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "காணியை மறுகா வாங்கலாம் சேர், படிப்பைப் பிந்தி வாங்க ஏலா." அந்த மனதை நான் மதிக்கிறேன், என் அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் 24 வயதில் சம்பளத்தோடு பட்டம் படித்த பலரை நான் கண்டிருக்கிறேன், விற்ற வளவைத் திரும்ப வாங்கிய ஒருவரைக்கூடக் கண்டதில்லை. ஆகவே காணி உறுதியை ஈடு வைத்துக் கடன் எடுப்பது மட்டும் வேண்டாம். பேசும்போது பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி, தொகையைச் சொல்லி, யார் எந்த மாதத்தில் எவ்வளவு கட்டுவது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

படி 7: எடுப்பதென்று முடிவானால்

முழுத் தொகையையும் ஒரே தடவையில் எடுக்காதீர்கள், வருடத்துக்கு வருடம் எடுக்க வங்கி விடுமா என்று கேளுங்கள், வட்டி அந்தளவுக்குக் குறையும். இடையில் நின்றால் எவ்வளவு திரும்பத் தருவார்கள் என்பதைச் சேரும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். முதல் வருட முடிவில் ஒரு நாள் உட்கார்ந்து இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள், பெறுபேறு எப்படி, கட்டணம் ஏறியதா, ரூபாய் எங்கே நிற்கிறது என்று. முதல் வருடத்திலேயே இரண்டு பிள்ளைகளுக்காவது ரியூசன் தொடங்குங்கள், அந்தக் காசு வட்டிக்குப் போகட்டும்.

ஏற்கெனவே கடன் எடுத்துத் தவணை கட்ட முடியாமல் இருப்பவர்கள், மூன்று மாதம் நிலுவை ஏறும் வரை ஒளிக்காதீர்கள். முதல் தவணை தவறப்போகிறது என்று தெரிந்த உடனே வங்கி முகாமையாளரிடம் ஒரு கடிதத்தோடு போய், காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கக் கேளுங்கள். கடிதத்தின் பிரதியில் திகதியோடு முத்திரை குத்தி வாங்கி, பிணை நின்றவரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.